தானாக எரியுமாம்

இந்தக் காலத்துச் சனம் தன் கண்ணை நம்பாது; மைக்கில் ஒருவன் சொன்னால்தான் நம்பும். ரியூசன் வகுப்புக் கொட்டகை வாசலில், கொளுத்தும் வெய்யிலுக்குள், பிள்ளைகளைவிடப் பெற்றோர்தான் அதிகம்.

"இரசாயனவியலுக்கு இவரை விட்டால் ஆள் இல்லை, ஐயா," என்றாள், சைக்கிளோடு நின்ற என்னிடம், மகளை ஏற்றிப்போக வந்திருந்த யசிந்தா. "இரண்டு பொருள் சேர்ந்தால் தாக்கம் தானாக நடக்குமோ நடக்காதோ எண்டு கணக்குப் போட்டே சொல்லிப்போடுவார்."

"நான் வேண்டாமெண்ட பெட்டையைக் கட்டினதிலையிருந்து என்ரை மகன் என்னோடை கதைக்கிறதில்லை. தானாக வந்து கதைப்பானோ எண்டும் உவர் சொல்லுவாரோ?"

அவள் சிரித்தாள். "கேட்டுப் பாருங்கோவன்."

உள்ளேயிருந்து மைக்கில் குரல் வந்தது: "கிப்ஸ் சக்தி மாற்றம் மறை, அதாவது சைபருக்குக் கீழையெண்டால் தாக்கம் தானாக நடக்கும். எப்ப எண்டு மட்டும் அந்தக் கணக்குச் சொல்லாது. நெருப்புக்குச்சி எரியும்தான், ஆனால் ஆரோ ஒருத்தர் முதலில உரசவேணும், பிள்ளையள்."

வகுப்பு முடிந்து மாஸ்ரர் வெளியே வந்தார். என்னைக் கண்டதும் ஹெல்மெற்றை மாட்டிக்கொண்டு, மற்றப் பக்கம் பார்த்தபடி மோட்டார் சைக்கிளில் போய்விட்டார்.

"ஏன் ஐயா, கேக்கேல்லையோ?"

"ஆரிட்டைக் கேக்கிறது, பிள்ளை? உவன்தான் என்ரை மகன்."

அவள் மோட்டார் சைக்கிள் போன பக்கம் திரும்பிப் பார்த்தாள். "நீங்களாவது கூப்பிட்டிருக்கலாமே?"

"உரசச் சொன்னவன் அவன். அவனே உரசட்டும்."

சைக்கிளை உருட்டிக்கொண்டு நடந்தேன். கணக்காம், கணக்கு!