மூன்று வயதுக்கான முக்காலி

வமுன்யு சந்தைக்குப் பின்னால், மாமர நிழலில் முசெம்பி உப்புத்தாள் தேய்க்கிற வேகத்தில் ஐந்து வருடம் முன்பு ஓடியிருந்தால், மாடு திருடிப் பிடிபட்டிருக்கவே மாட்டான். போன வாரம்தான் ஜெயிலிலிருந்து வந்தான். விடிந்தால் கிறிஸ்துமஸ். மனைவியும் மகளும் இருக்கும் மாசீ ஊருக்குக் கடைசி வேன் இரண்டு மணிக்கு; வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. மனைவிக்கும் மாமியாருக்கும் செய்த முக்காலிகள் மெழுகு பூசி மின்னுகின்றன. மடியில் இருப்பது மகளுக்கு, ஒரே கட்டையில் குடைந்தது. அவன் புருவமெல்லாம் மரத்தூள். தண்ணீர்க் கேனோடு போகும் பக்கத்து வீட்டுக் கலேக்யே சும்மா போவாளா?

"யாருக்குடா இந்தக் குட்டி முக்காலி?"

"எம் மக சியோம்புவாவுக்குக்கா."

"அடப்பாவி, அவளுக்கு எட்டு வயசாச்சு! இதுல உக்காந்தா முட்டி காதுல இடிக்கும்."

உப்புத்தாள் நிற்கிறது. செதுக்கிய காலைக் குறைக்கலாம், கூட்ட முடியாது.

"என்னை அடையாளம் தெரியுமாக்கா அவளுக்கு?"

"மளிகைக்கடைக்காரனையில்ல அப்பாங்கறா இப்ப..." கலேக்யே நாக்கைக் கடித்துக்கொள்கிறாள். ஊருக்கே தெரிந்தது இவனுக்கு மட்டும் தெரியாது.

முசெம்பி நிமிரவில்லை. மூன்று வயதுப் பிள்ளை மட்டுமே உட்காரக்கூடிய அந்தக் குழிவை முன்னைவிட வேகமாகத் தேய்க்கிறான்.