நீலச் சட்டைத் தொட்டில்

குழந்தையே வேண்டாமென்று கல்யாணத்துக்கு முன்பே பேசி முடித்திருந்தார்கள். திலீபன்தான் அதில் அதிகப் பிடிவாதம். அவனுக்குத் தெரியாமல், சேலைத் துண்டில் கூழாங்கல்லைப் பொதிந்து, பிள்ளை வரம் கேட்பவர்கள் தொட்டில் கட்டும் கோயில் மரத்துக்கு வந்திருந்தாள் சுகந்தி. வளைத்த கிளையில் ஏற்கெனவே ஒரு தொட்டில் ஆடியது. தொலைந்துபோனதாகத் திலீபன் சொன்ன நீலச் சட்டையின் துணி. அவளே தைத்துக்கொடுத்த பொருந்தாத சிவப்புப் பொத்தான்கூட அதில் இருந்தது. தடவிய மஞ்சள் காயவில்லை. அவள் விரலில் ஒட்டியது. கிளையை விடவும் தோன்றாமல் நின்றாள். போன் அடித்தது. திலீபன்.

"எங்க இருக்க சுகு?"

"ஆபீஸ்லதான். நீ?"

"நானும் ஆபீஸ்லதான்."

அப்போது கோயில் மணி ஒலித்தது. போனுக்குள்ளும் ஒலித்தது. மணி ஓய்ந்த பிறகும் இருவரில் யாரும் போனை வைக்கவில்லை.