நிஜ ஸ்டியரிங்

"இதெல்லாம் ஒரு காடியா? பிரேக் போட்டா அதோட மூஞ்சி முன்னால அமுங்க வேணாம்? கட்ட மாதிரி நிக்குதே!"

கிஷன் கையைக் கட்டிக்கொண்டு டிவிக்குப் பக்கத்தில் நின்று சொன்னான். நாற்காலியில் உட்கார்ந்து விளையாட்டு ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த திலீப் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. திரையில் வளைவு வந்தது. பிரேக்கை மெல்ல மிதித்து ஸ்டியரிங்கை ஒடித்தான். சிவப்புக் காரின் வால் வெளியே வழுக்கிக்கொண்டு போக, சட்டென்று எதிர்ப்பக்கம் திருப்பி வண்டியை நேராக்கினான். சுற்றி நின்ற பையன்கள் கைதட்டினார்கள்.

"அமுங்குதுண்ணே, நல்லா பாருங்க," என்றான் திலீப். "சிமுலேஷன் மோட்ல வெச்சிருக்கேன். பின் டயருல பாரம் கொறைஞ்சா வால் சுத்தும். நிஜக் காடி மாதிரியேதான்."

"நிஜக் காடியப் பத்தி நீ எனக்குச் சொல்றியா?"

செங் தொழிற்பேட்டைக்கு எதிரே இருந்தது சேகரனின் கேம் கடை. 'லோரி கிஷன்' உள்ளே நுழைந்தால் பையன்கள் எழுந்து இடம் கொடுத்த காலம் ஒன்று இருந்தது. மழையில் நியாலாஸ் சாலையில் செம்பனைக் குலை ஏற்றிய லோரி எப்படி ஆடும், இறக்கத்தில் எந்த கியருக்கு வர வேண்டும் என்றெல்லாம் அவன் அளக்க அளக்க வாயைப் பிளந்து கேட்பார்கள். கவுண்டரில் உட்கார்ந்திருக்கும் சேகரனின் தங்கை திவ்யதர்ஷினியும் கேட்பாள். அவள் கேட்கிறாள் என்பதற்காகவே இன்னும் கொஞ்சம் கூட்டிச் சொல்வான்.

இந்தத் திலீப் எங்கிருந்தோ வந்து சேர்ந்தான், எல்லாம் போயிற்று. இப்போது கூட்டமெல்லாம் அவனைச் சுற்றித்தான். கிஷன் உட்கார்ந்தாலோ முதல் வளைவிலேயே கார் சுவரில் போய் முட்டிக்கொண்டு நின்றது. "பொய் வண்டி, அதான் எனக்குச் சரிப்பட்டு வரல" என்று அவன் சொன்னதை ஒருவரும் காதில் வாங்கவில்லை.

திவ்யா ஐஸ் போட்ட மைலோவை எடுத்துக்கொண்டு வந்தாள். நேராகத் திலீப்பிடம் போனாள்.

"குடி திலீப். கை வலிக்கல?" என்றாள். பிறகுதான் இவன் நிற்பதைப் பார்த்தாள். "அண்ணே, உங்களுக்கும் வேணுமா?"

அவன் வெறும் திலீப், இவன் மட்டும் அண்ணன்! கிஷனுக்கு வயிறு பற்றி எரிந்தது. இந்த ஐஸ் மைலோவால் அணைகிற எரிச்சலா அது?

"நிஜ ஸ்டியரிங் கையில பேசும் தம்பி," என்றான் உரக்க. "டயர் மண்ணுல ஏறினா ஒன்னு சொல்லும், தண்ணியில ஏறினா ஒன்னு சொல்லும். இது ஊமைலா!"

திலீப் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தான். "அது உண்மைதாண்ணே. அதான் எனக்குப் பயமே. அடுத்த மாசம் லைசன்ஸ் டெஸ்ட். பழகப் போனா, நிஜக் காடியில கை நடுங்குது. இதுல வர்ற மாதிரி வரவே மாட்டேங்குது."

கிஷனின் காதில் தேன் பாய்ந்தது.

"ஓகோ! லைசன்ஸே இன்னும் எடுக்கலையா?" கவுண்டர் வரைக்கும் கேட்கட்டும் என்றே கேட்டான். "டிவி பெட்டிக்குள்ளதான் ராஜாவா நீ?"

பையன்கள் சிரித்தார்கள். நெடுநாளைக்குப் பிறகு அவன் பக்கம் நின்று சிரித்தார்கள். ஆனால் திவ்யா சிரிக்கவில்லை.

"அப்ப நீங்களே அவனுக்குக் காட்டிக் கொடுங்களேன் அண்ணே," என்றாள். "எங்கண்ணனோட கஞ்சில் காடி வெளியதான நிக்குது. ஒரு ரவுண்டு போய்ட்டு வரலாம். நானும் வர்றேன்."

"லோரி ஓட்டுற ஆளுக்கு இந்தச் சின்னக் காடியெல்லாம் சைக்கிள் மாதிரிலா!" என்று சிரித்துக்கொண்டே சேகரன் சாவியைத் தூக்கிப் போட்டான்.

சாவியைப் பிடித்த கிஷனுக்கு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. கிளட்ச், கியர், பிரேக். எந்த நேரத்தில் எது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான். அதுவும் திவ்யா பார்த்துக்கொண்டிருக்கும்போது, இந்தப் பொடியனுக்கு முன்னால் பின்வாங்குவதா? செத்தாலும் மாட்டான்.

"வாடா. வளைவுன்னா என்னன்னு காட்டுறேன்."

சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, சாவியை விரலில் சுழற்றியபடி வெளியே நடந்தான். கடையே காலியாகிப் பின்னால் வந்தது. கதவுகள் திறந்ததும் திவ்யா பின் சீட்டில் ஏறிக்கொண்டாள். பத்து ஜோடிக் கண்கள் தன் மேல் இருப்பது தெரிந்து கிஷன் விறைப்பாக ஏறி உட்கார்ந்தான். கதவை அறைந்து சாத்தினான். பெல்ட்டைப் போட்டான். கண்ணாடியை இறக்கி முழங்கையை வெளியே வைத்துக்கொண்டான். எல்லாம் ஒரே மூச்சில் நடந்தது.

பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பதற்காக வந்த திலீப், ஜன்னலோரம் அப்படியே நின்றான்.

"என்னடா மரம் மாதிரி நிக்கிற? ஏறு!"

"எப்படிண்ணே ஏறுறது?" திலீப் தயங்கித் தயங்கிச் சொன்னான். "என் சீட்டுல நீங்கல்ல உக்காந்திருக்கீங்க. ஸ்டியரிங் அந்தப் பக்கம்லாண்ணே."

இத்தனை வருஷமாக டிரைவர் இருளாண்டி லோரியை ஓட்ட, பக்கத்தில் உட்கார்ந்து போய்ச் சுமை ஏற்றி இறக்கிய கெலிண்டானான கிஷனின் கால்கள், அவனை ஒரு வார்த்தை கேட்காமலே இடது பக்கக் கதவில் கொண்டுவந்து ஏற்றிவிட்டிருந்தன.