ராசப்பன் இளைத்த கதை

ராசப்பனின் தொப்பை கரைய வேண்டும் என்று ராசப்பனைவிட அதிகமாக ஆசைப்பட்டவன் அவருடைய பயிற்சி வாத்தியார் வேலுமணிதான். அந்த ஆசையில்தான் சேலம் அம்மாபேட்டையிலிருந்து முதல் பஸ் பிடித்து, திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் இருந்த அவர் தோட்டத்துக்கு மூன்று மாதமாக ஒரு நாள் தவறாமல் வந்துகொண்டிருந்தான்.

ராசப்பனுக்கு வயது நாற்பத்தாறு. ஆழ்குழாய்க் கிணறு போடும் ரிக் லாரிக்கு முதலாளி. நாலு எட்டு வைத்தால் மூச்சு வாங்கும். 'இளைக்காவிட்டால் ஆபத்து' என்று ஈரோட்டு டாக்டர் சொல்லிவிட்டாராம். நேராக அம்மாபேட்டைத் தேகப்பயிற்சிச் சாலைக்கு வந்து, வேலுமணி யார் என்று கேட்டார். "அவன் ஒருதரம் ஜெயிலுக்குப் போய் வந்தவனுங்க" என்று அங்கிருந்த ஒருவர் காதைக் கடித்தும் பயனில்லை.

"அதுக்கென்னுங்க, எனக்கு ஒடம்பு எளச்சாப் போதும்" என்று கையோடு கூட்டி வந்துவிட்டார். இப்படியும் ஒரு அப்பாவியா என்று வேலுமணிக்கே பரிதாபமாக இருந்தது.

அந்தப் பரிதாபம் தண்டால் எடுக்க அவர் சட்டையைக் கழற்றும்வரைதான். தொப்பையைச் சுற்றிய கறுப்பு அரைஞாண் கயிற்றில் ஒரு சாவி தொங்கியது.

"பீரோ சாவிங்க வாத்தியாரே. எந்தங்கச்சி பூவாத்தாளோட அம்பது பவுன் நகை உள்ள இருக்குது. அவ ஊட்டுக்காரர் தவறுனப்பறம், தனியா வச்சுக்கப் பயந்துக்கிட்டு எங்கிட்டக் குடுத்திருக்கறா. தை மாசம் அவ புள்ளைக்குக் கண்ணாலம்."

அம்மாடி! ஐம்பது பவுன்! சொந்தமாக ஒரு பயிற்சிச் சாலை வைத்துவிடலாம். இனி எந்தத் தொப்பைக்கு முன்னாலும் பல்லை இளிக்க வேண்டாம். அகப்பட்டால் மறுபடியும் ஜெயில், இந்தத் தடவை வருஷக் கணக்கில். வேலுமணிக்கு அன்றிரவு தூக்கமே வரவில்லை.

கயிற்றை அறுத்தால் தெரிந்துவிடும். அவராகக் கழற்றவும் மாட்டார். புதுக் கயிறு கட்டிய பிறகுதான் பழையதை அறுப்பார்கள்; இடுப்பில் கயிறில்லாமல் பிணம்தான் கிடக்கும் என்பது அங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆக, கயிறு தானாக நழுவ வேண்டும். அதுவும் கிணற்றில் நீந்தும்போது நழுவினால், சாவி தண்ணீரில் போய்விட்டது என்று நாலு நாள் முங்கித் தேடிக்கொண்டிருப்பார்கள். எல்லாவற்றுக்கும் முதலில் தொப்பை கரைய வேண்டும்.

"மொதலாளி, கோவணம் பயிற்சிக்கு ஆகாது. நாளையிலிருந்து டவுசர் போடுங்க" என்றான். கோவணம் அந்தக் கயிற்றை நம்பித்தானே நிற்கிறது! கயிறு நழுவினால் அதுவும் கூடவே போய், மனிதர் உஷாராகிவிடுவார்.

அப்புறம் அவரைப் பிழிந்து எடுத்துவிட்டான். விடிந்ததும் வரப்பில் ஓட்டம், நூறு பஸ்கி, கிணற்றில் நீச்சல். ஆட்டுக்கறி கிடையாது, காப்பிக்குச் சர்க்கரை கிடையாது.

"ஏனுங்க வாத்தியாரே, ஒரே ஒரு முறுக்குங்க?"

"மூச்!"

தொப்பை மாதாமாதம் வற்றியது. கயிறு இடுப்பில் தொளதொளத்தது. இன்னும் ஒரு வாரம் போதும் என்று வேலுமணி நினைத்திருந்தபோது, ஒரு புதன்கிழமை ராசப்பன் குண்டைப் போட்டார்.

"வெள்ளிக்கெழம தங்கச்சி வாராளுங்க, நகையை எடுத்துக்கிட்டுப் போறதுக்கு."

அன்றே வேலுமணி பஸ்கியை இருநூறாக்கினான். வியாழக்கிழமை நீச்சலின்போது இழுத்துப் பார்த்தான், கயிறு மசியவில்லை. வெள்ளிக்கிழமை காலை, கிணற்றில் முங்கி, நீந்திக்கொண்டிருந்தவருக்கு அடியில் போய் மெல்ல இழுத்தான். இடுப்பெலும்பில் தட்டி நின்றது. சாமியை வேண்டிக்கொண்டு இன்னொரு இழுப்பு. சட்டென்று வழுக்கிக்கொண்டு கைக்கு வந்தது!

"மொதலாளி, இன்னும் இருபது சுத்து நீந்துங்க. நான் போய்த் துண்டு எடுத்துக்கிட்டு வரேன்."

"செரிங்க வாத்தியாரே" என்று ராசப்பன் சொன்னபடி நீந்தினார்.

தோட்டத்து வீட்டில் யாரும் இல்லை. ராசப்பனின் மனைவி மகளின் பிரசவத்துக்காக ஈரோடு போயிருந்தாள். பீரோ ஒரே திருப்பில் திறந்தது. கனமான ஒரு பித்தளைப் பெட்டி. திறந்து பார்க்க நேரமில்லை. அள்ளிக்கொண்டு பின்வாசலுக்கு வந்தால், ஈரம் சொட்டச் சொட்ட ராசப்பன் நிற்கிறார்.

"துண்டு எங்கீங்க வாத்தியாரே?"

வேலுமணி கடலைக் காட்டில் விழுந்தடித்து ஓடினான். மூன்று மாதத்துக்கு முன்னால் என்றால் ராசப்பன் முதல் வரப்பிலேயே உட்கார்ந்திருப்பார். இப்போது நாலாவது வரப்பில் எட்டிப் பிடித்து, குப்புறத் தள்ளி, முதுகின்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டார். அவருக்கு மூச்சுக்கூட வாங்கவில்லை.

காட்டில் களை வெட்டிக்கொண்டிருந்தவர்கள் கூடிவிட்டார்கள். அப்போதுதான் பஸ்ஸை விட்டு இறங்கி வந்த பூவாத்தாள், சத்தம் கேட்டு ஓடி வந்து பெட்டியைப் பிடுங்கித் திறந்தாள். உள்ளே குன்றிமணித் தங்கம்கூட இல்லை.

"அய்யோ அண்ணா, எம்புள்ள கண்ணாலம்!" என்று அவள் மாரில் அடித்துக்கொண்டு அழுதாள்.

"மூணு மாசமாக் கொஞ்சங்கொஞ்சமா அள்ளிக்கிட்டுப் போயிட்டு, இன்னைக்குப் பொட்டிக்கும் வந்துட்டானே பாவி!" என்று ராசப்பனும் தலையில் அடித்துக்கொண்டார்.

"சத்தியமா நான் எடுக்கலீங்க!" என்று வேலுமணி கதறினான். கையில் சாவி, ஊரறிந்த ஜெயில் கதை, யார் நம்புவார்கள்? போலீஸைக் கூட்டி வர ஒருவன் சைக்கிளில் பறந்தான். பூவாத்தாளைத் தாங்கிப் பிடித்து மற்றவர்கள் வீட்டுப் பக்கம் நடத்திப் போனார்கள்.

ராசப்பன் குனிந்து, வேலுமணியின் கைகளைக் கட்டிக்கொண்டே, காதோடு சொன்னார்:

"அந்த அம்பது பவுனும் போன வருசமே ரெண்டாவது ரிக்கு வண்டியாகி ஆந்திராவுல ஓடிக்கிட்டு இருக்குது சாமி. இன்னைக்குக் கவுறு தட்டி நின்னப்ப, வயித்தை எக்கிக் குடுத்ததே நாந்தான்."