கொடிக்கால் வாசலில் செருப்பு

வெற்றிலைக் கொடிக்கால் வாசலில் ஒரு ஜோடி ஆம்பளைச் செருப்பு கிடந்தது. கொடிக்கால் கோயில் மாதிரி, செருப்போடு யாரும் உள்ளே போவதில்லை.

பேச்சிச்செல்விக்குப் பார்த்ததுமே தெரிந்துபோயிற்று. அடுத்த கொடிக்கால்காரர் சங்கரலிங்கத்தின் செருப்பு. புருஷன் இருந்த காலத்தில் வாய்க்கால் தண்ணீருக்கு வந்த சண்டை. புருஷன் போய்ச் சேர்ந்த பிறகும் இரண்டு வீட்டுக்கும் பேச்சு வார்த்தை கிடையாது. அந்த மனுஷனுக்கு இங்கே என்ன வேலை?

"யாருவே உள்ள?"

சங்கரலிங்கம் வெளியே வந்தார். கையிலிருந்த போனை அவசரமாக மடியில் சொருகினார்.

"வேர்ல என்னத்தவே ஊத்துனீரு? போன மாசத்துலேருந்து கொடி வாடுதே, ஒம்ம வேலைதானா? இதுல செருப்ப மட்டும் பக்தியா வெளிய கழத்திப் போட்டாச்சு!"

"இல்ல செல்வி..."

"பேசாதேயும்! எங்கயோ தூத்துக்குடி ஆபீஸ்ல இருக்க பிள்ள, எங் கொடியில எந்த எலை பழுக்குன்னு பாத்துச் சொல்லுதா. பக்கத்துல இருக்க நீரு இப்படிப் பண்ணுதீரே, நல்லாருப்பீரா?"

அது உண்மைதான். விவசாய ஆலோசனை மையத்திலிருந்து விஜிலா என்ற பெண் அவளுடைய பட்டன் போனுக்கு வாராவாரம் கூப்பிடுவாள். 'வாய்க்கால் ஓரத்துல வாடுன கொடியப் பிடுங்கி எரிச்சிருங்கக்கா, மத்ததுக்கு வேர்ல போர்டோ கலவை மருந்த ஊத்துங்க' என்பாள். எல்லாம் மேலே சுற்றுகிற சாட்டிலைட்டில் தெரியும்போல என்று செல்வி நினைத்துக்கொண்டிருந்தாள். தனியாளாய்ப் பாடுபட்டு அலுத்துப்போனவளுக்கு அந்தக் குரல்தான் தெம்பு. அதைக் கேட்டுத்தான் பாதிக் கொடி பிழைத்தது. மீதியும் போனால் கூலி வேலைக்குத்தான் போக வேண்டும்.

சங்கரலிங்கம் செருப்பைக்கூட மாட்டாமல் தலையைக் குனிந்துகொண்டு நடந்தார். ஆத்திரம் அடங்காமல் செருப்பைத் தூக்கி வாய்க்காலில் வீசினாள் செல்வி. மறுநாளே வாசல் படலுக்குப் பூட்டும் வாங்கிப் போட்டாள். இனி ஒரு பய உள்ளே வர முடியாது.

பூட்டுப் போட்டும் கொடி வாடியது. மையத்திலிருந்து போனும் வரவில்லை. பொறுத்துப் பார்த்துவிட்டு அவளே கூப்பிட்டாள்.

"என்ன தாயி, போனையே காணோம்? சாட்டிலைட்டு ரிப்பேரா?"

விஜிலா சிரித்தாள். "சாட்டிலைட்டா? போட்டோ வந்தாத்தானக்கா பயிர் டாக்டர்ட்ட காட்டி மருந்து சொல்ல முடியும்?"

"எந்த போட்டோ?"

"உங்க அண்ணன் வாட்ஸப்புல வாராவாரம் அனுப்புவாருல்லா, அதுதான். பதில உங்க நம்பருக்கே சொல்லச் சொல்லிருந்தாரு."

"எனக்கு ஏது தாயி அண்ணன்?"

"சங்கரலிங்கம்னு சொன்னாரேக்கா!"

செல்வி மடியிலிருந்த பூட்டுச் சாவியை வெளியே எடுத்தாள். விஜிலா பேசிக்கொண்டே போனாள்.

"நேத்துகூடப் பேசுனாரு. 'என்னால இனி உள்ள போக முடியாது, ஆபீஸ்லேருந்து யாராவது சீக்கிரம் நேர்ல போய்ப் பாருங்க'ன்னாரு. ஒண்ணு மட்டும் ரெண்டு தடவ சொன்னாருக்கா. 'தங்கச்சி கொடிக்காலு, வாசல்லயே செருப்பக் கழத்திட்டுப் போங்க'ன்னு."