பெயர் எழுதாத சீட்டு

“பிரேமா, ஜோதி அக்காவுக்குக் காய்ச்சலாம். இன்னிக்கி ஜெபக்கூட்டம் நம்ம வீட்லதான். பாஸ்டர் இப்பதான் போன் பண்ணாரு!”

நவநீதன் சந்தோஷமாகத்தான் சொன்னான். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த பிரேமலதா கத்தியைக் கீழே வைத்தாள்.

“நம்ம வீட்லயா? ஏங்க, வீடு கெடக்குற கெடையில… வேற யார் வீட்லயாச்சும் வச்சுக்கச் சொல்லுங்களேன்.”

“உனக்கு என்ன வந்துச்சு? சுண்டல் போடு, டீ வை, அவ்வளவுதானே! கடைக்கு லீவு சொல்லிட்டேன். நான்தான் சீட்டு வாசிக்கணும். அந்த வெள்ளைச் சட்டையை அயர்ன் பண்ணி வை.”

அந்தச் சீட்டுக்குத்தான் அவள் பயந்தாள்.

மன்னார்புரத்தில் ஒரு மாடி ஹாலில் கூடுகிற சின்னச் சபை அவர்களுடையது. வெளியே சொல்ல முடியாத பாரம் இருந்தால், பேர் போடாமல் ஒரு சீட்டில் எழுதி, ஞாயிற்றுக்கிழமை வாசலில் வைத்திருக்கும் பிஸ்கட் டப்பாவில் போட்டுவிடலாம். புதன்கிழமை யார் வீட்டில் கூட்டமோ, அந்த வீட்டுக்குத் தலைவர் யாரோ, அவர் சீட்டுகளை எடுத்து வாசிப்பார். எல்லோரும் சேர்ந்து ஜெபிப்பார்கள்.

இந்த வாரம் கூட்டம் நடக்க இருந்தது ஜோதி அக்கா வீட்டில். அவள் புருஷனை இழந்தவள். அவள் வீட்டுக்கு அவளே தலைவர். நவநீதனோ புதன்கிழமை தில்லை நகர் கண்ணாடிக் கடையைவிட்டு ஒன்பது மணிக்கு முன்னால் கிளம்பவே மாட்டான். இதையெல்லாம் யோசித்துத்தான் பிரேமலதா போன ஞாயிறு ஒரு சீட்டைப் போட்டாள். அதையும் இடது கையால் எழுதித்தான் போட்டாள்.

ஆனால் புத்தி கெட்டுப்போய் ஒரு வரியைக் கூடுதலாக எழுதித் தொலைத்துவிட்டாள். அந்த வரியைப் படித்தால் கையெழுத்தே வேண்டாம், இது தன் வீட்டுக் கதை என்று நவநீதனுக்குப் புரிந்துவிடும். புரிந்தால், எல்லோரும் போனதும் அவன் கதவைச் சாத்துவான். அதற்குப் பிறகு என்ன நடக்கும் என்பது அவள் முதுகுக்குத் தெரியும்.

ஏழு மணிக்குப் பாஸ்டர் டப்பாவோடு வந்தார்.

“ஸ்தோத்திரம், சிஸ்டர்!”

“ஸ்தோத்திரம் பாஸ்டர். டப்பாவைக் குடுங்க, உள்ள வைக்கிறேன்.”

வாங்கிக்கொண்டு அடுப்படிக்கு ஓடினாள். மூடியைச் சுற்றி டேப் ஒட்டியிருந்தது. பாழாய்ப்போன டேப்! நகத்தால் சுரண்டினாள். பாதிதான் பிரிந்திருக்கும்.

“என்ன பிரேமா பண்றே?”

அடுப்படி வாசலில் பாஸ்டரம்மா நின்றுகொண்டிருந்தாள்.

“ஒண்ணுமில்லம்மா… தூசியா இருந்துச்சு, தொடைக்கலாம்னு…”

“முகம் ஏன் இப்படி வாடிக் கெடக்கு? உனக்கும் காய்ச்சலா? அதைக் குடு இப்படி.” பாஸ்டரம்மா டப்பாவை வாங்கிக்கொண்டு போய் ஹாலில் வைத்துவிட்டாள்.

ஆண்கள் நாற்காலியில், பெண்கள் பாயில். பாட்டு முடிந்தது, பைபிளிலிருந்து ஒரு சங்கீதம் வாசித்தாயிற்று. பிரேமலதா கடைசியாக ஒரு தடவை முயன்று பார்த்தாள்.

“பாஸ்டர், இன்னிக்கி ஒரு மாறுதலுக்குப் பொம்பளைங்க யாராச்சும் வாசிக்கட்டுமே?”

“அப்புறம் வீட்டுத் தலைவருன்னு நான் எதுக்கு இருக்கேன்?” என்றான் நவநீதன். ஆண்கள் எல்லோரும் சிரித்தார்கள். பாஸ்டரும்தான்.

நவநீதன் எழுந்து நின்று முதல் சீட்டைப் பிரித்தான். அவனுக்கு நல்ல குரல், அதில் அவனுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. “என் பிள்ளை பிளஸ் டூவில் நல்ல மார்க் எடுக்க வேண்டும்.”

“ஆமென்.”

“மூட்டுவலி தாங்க முடியவில்லை. சுகம் வேண்டும்.”

“ஆமென்.” அது யாருடைய மூட்டு என்று எல்லோருக்கும் தெரியும். வீரமலையின் மனைவி ராசாத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

மூன்றாவதாக அவன் கையில் வந்தது நாலாக மடித்த காலண்டர் தாள். பிரேமலதா எழுதிப் போட்டது அதில்தான். ‘ஆண்டவரே, கரண்ட் போகட்டும். இப்பவே போகட்டும்.’ தினமும் போகிற கரண்ட் அன்றைக்குப் பார்த்துப் போகவில்லை. தலையைக் குனிந்து பாயின் கோரையைப் பிடித்துக்கொண்டாள்.

“என் வீட்டுக்காரருக்குக் கோபம் வந்தால்,” நவநீதனின் குரல் கணீரென்று வந்தது, “கதவைச் சாத்திவிட்டு, என் அழுகை பக்கத்து வீட்டுக்குக் கேட்காமல் இருக்க, டி.வி.யில் கர்த்தர் பாட்டைச் சத்தமாக வைத்துவிட்டு… என்னை… அடிக்கிறார். அவர் மனசு… மாற…”

குரல் அங்கேயே நின்றுவிட்டது.

யாரும் ஆமென் சொல்லவில்லை. பிடரியில் அவன் பார்வை சுடுவது அவளுக்குத் தெரிந்தது. எவ்வளவு நேரம்தான் குனிந்தே இருப்பது? மெல்லத் தலையைத் தூக்கினாள்.

நினைத்தது சரிதான். நவநீதன் சீட்டைக் கசக்கிப் பிடித்தபடி அவளையே முறைத்துக்கொண்டிருந்தான். முடிந்தது கதை! இத்தனை பேர் இருக்கிறார்களே, யாராவது ஒருத்தர் கூடவா ‘நாங்க இருக்கோம்மா’ என்று சொல்ல மாட்டார்கள்? அவள் நாற்காலிகளின் பக்கம் திரும்பினாள்.

அங்கே யாரும் அவளைப் பார்க்கவே இல்லை. வீரமலை ராசாத்தியை முறைத்துக்கொண்டிருந்தான், பக்கத்து நாற்காலிக்காரர் தன் மனைவியை, அவருக்கு அடுத்தவர் தன் மனைவியை, கடைசி நாற்காலியில் பைபிளை மூடி வைத்துவிட்டுப் பாஸ்டர், பாஸ்டரம்மாவை.