காலி வீட்டுத் திருடன்

பல் டாக்டர் பேரம் பேச உட்கார்ந்தால், எதிரில் இருப்பவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்திருக்க வேண்டும். அன்று மாட்டியவர் வண்ணமீன் கடைக்காரர்.

கிளினிக்கில் நோயாளிகள் காத்திருக்கும் அறையில், ஒரு சுவரையே அடைத்துக் கடல்நீர்த் தொட்டி வைத்தாயிற்று. உள்ளே அடுக்கக் கல் வேண்டும். சிமென்ட்டில் வார்த்த கல் இல்லை. கடலுக்கடியில் கிடந்து ஊறி, மேலெல்லாம் ஊதா நிறப் பாசி ஏறி, பொடிப் பொடி உயிர்கள் குடியேறிய அசல் கல்.

"அத்தான், அந்தக் கல்லுதான் தண்ணியச் சுத்தமா வச்சுக்கும். செஞ்ச கல்லு வெறும் பொம்மை" என்று ஒற்றைக் காலில் நின்றவன் மச்சினன். வேலை தேடப்போகிறேன் என்று அக்கா வீட்டுக்கு வந்தவன், வீடு பிடித்துப்போனதால் வேலையை மறந்துவிட்டான். கிளினிக்கைத் திறப்பதும் பூட்டுவதும் அவன் பொறுப்பு.

கடைக்காரர் ஈரச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்த கற்களை டாக்டர் ஒவ்வொன்றாக எடுத்து மோந்தார். உள்ளே உயிர் செத்துப்போன கல் நாறும்; நல்ல கல்லில் கடல் மணக்கும். நாளெல்லாம் ஊரார் வாயை மோந்து பழகிய மூக்கிடம் யார் தப்ப முடியும்? பிறகு விளக்கைக் கீழே இழுத்து, சொத்தைப் பல்லைக் குத்திப் பார்க்கும் கொக்கியால் ஓட்டை ஓட்டையாகக் குடைந்தார்.

"என்னய்யா, கல்லு பூரா சொத்தையா இருக்கு?"

"ஓட்டைதான் சார் இதுக்கு அழகு. அதுலதான் எல்லாம் குடியிருக்கும்."

"எங்க குடியிருக்கு? ரெண்டு புழுவைத் தவிர ஒண்ணையும் காணோம். காலி வீட்டுக்கு இந்த வாடகையா?"

கடைசியில் கேட்ட விலையில் பாதிக்கு வாங்கினார். கடைக்காரரின் முகம் சுண்டிப்போயிற்று. "மீன் வாங்கறப்பவாவது கொஞ்சம் மனசு வைங்க சார்" என்று முனகியபடி சாக்கை உதறி மடித்தார். பாவம், மீனிலும் டாக்டர் மனசு வைக்கவில்லை.

ஏழு மீன்கள் வந்தன. வாய்க்குள் விட்டுப் பார்க்கும் சின்னக் கண்ணாடியால் தொட்டியின் மூலையில் 'டிக் டிக்' என்று தட்டிவிட்டு டாக்டர் தீனி போடுவார். சில வாரங்களில், தட்டினாலே போதும், ஏழும் முண்டியடித்துக்கொண்டு அந்த மூலைக்கு ஓடிவரப் பழகிவிட்டன. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வந்தவர்கள்கூட வலியை மறந்து கைதட்டினார்கள். டாக்டருக்குத் தலைகால் புரியவில்லை.

அதற்கப்புறம்தான் மீன்கள் காணாமல் போக ஆரம்பித்தன. முதலில் மஞ்சள் மீன். அடுத்து நீலம். ஒரு செதில், ஒரு முள் மிஞ்சவில்லை. பூட்டு உடையவில்லை. சாவி இருந்தது இரண்டே பேரிடம். அதில் ஒருவர் டாக்டர்.

தொட்டி முழுக்கக் காலியான அன்று டாக்டர் வெடித்தார்.

"மீனை வித்துத் தின்னுட்டியாடா? பெட்டியக் கட்டு. உங்கக்கா அழுதாலும் சரி, உருண்டாலும் சரி, இனி என் வீட்டுல உனக்குச் சோறு இல்ல!"

மச்சினன் கண் கலங்கினான். "நாளைக்கு ஒரு நாள் மட்டும் விடுங்க அத்தான். திருடனை நானே பிடிச்சுத் தரேன். தரலேன்னா நீங்க சொல்லவே வேண்டாம், நானே போயிடறேன்."

மறுநாள் கிளினிக்குக்கு விடுமுறை. நண்பகலில் திரைகளை இழுத்து மூடி அறையை இருட்டாக்கினான். ஒரு நண்டுக் காலை நூலில் கட்டித் தொட்டிக்குள் தொங்கவிட்டான். டாக்டரும் மனைவியும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள்.

டப்!

கல் ஓட்டையிலிருந்து பச்சை நிறத்தில் ஒரு முரட்டு இறால் பாய்ந்தது. ஒரே குத்தில் நண்டுக் கால் சில்லுச் சில்லாயிற்று.

தகவல் தெரிந்து ஓடிவந்த கடைக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஐயையோ, இது கல்லுக்குள்ளயே வந்திருக்கு சார்! அசல் கல்லுல இது ஒரு தொல்லை. மீனைக் கண்டா முள்ளக்கூட விடாது!"

"ஒவ்வொரு ஓட்டையா நான்தானே குடைஞ்சு பார்த்தேன்?"

"வேர் வரைக்கும் போகல போலிருக்கு அத்தான்" என்றான் மச்சினன் பணிவாக.

மனைவி திரும்பி டாக்டரைப் பார்த்தாள். அந்தப் பார்வையிலேயே டாக்டர் பாதியாகிப்போனார். மச்சினனைக் கட்டிக்கொண்டு, "மனசுல வச்சுக்காதப்பா. பக்கத்துல நான் திறக்கப்போற மருந்துக் கடைய இனிமே நீதான் பார்த்துக்கணும்" என்றார். குனிந்த தலையைக் கடைக்காரர் பக்கம் திரும்பித்தான் நிமிர்த்தினார். "யோவ், உன் கல்லாலதான் என் மீன் போச்சு. அதே மாதிரி ஏழு மீன், பாதி விலை. இல்லேன்னா நடக்கறதே வேற!"

கடைக்காரர் முகம் மறுபடி சுண்டியது. இறாலைப் பிடித்து டப்பாவில் அடைத்துக்கொண்டு போனவர், சாயங்காலமே ஏழு மீன்களோடு வந்து தொட்டியில் விட்டார். அதே மஞ்சள், அதே நீலம். மறுபேச்சில்லாமல் பாதி விலையை வாங்கிக்கொண்டு கிளம்பினார். மச்சினன் மரியாதையாக வாசல்வரை கூடவே போனான்.

"புது மீன். பழக்கப்படுத்த மாசக்கணக்காகும்" என்று மனைவியிடம் சொல்லிக்கொண்டே, டாக்டர் கைப்பழக்கத்தில் கண்ணாடியால் 'டிக் டிக்' என்று தட்டினார்.

ஏழும் முண்டியடித்துக்கொண்டு அந்த மூலைக்கு ஓடிவந்தன.

"பார்த்தியா! வந்த உடனே பழகிடுச்சு! எல்லாம் அந்தக் கல்லோட ராசி!" டாக்டர் பூரித்துப்போனார்.

முந்தின நாள்தான் அந்தக் காலி வீட்டுக்கு வாடகைக்கு வந்த இறால், வாசலில் பங்கு பிரிக்கும் பேச்சு முடிவதற்காகக் கடைக்காரரின் பைக்குள், அதே டப்பாவில் பொறுமையாகக் காத்திருந்தது.